ஆடினால் எடை குறையுமா? புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்தியதும் பெரும்பாலானோர் நாளை காலையிலிருந்து நடக்கப்போவதாக முடிவெடுக்கிறார்கள். வேறு சிலர் உடற்பயிற்சிக்கூடத்தில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, இரண்டாம் மாதத்திலிருந்து அந்தத் தெருப்பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார்கள். நடனத்தை உடற்பயிற்சியாக எண்ணிப்பார்ப்பவர்கள் குறைவு. திருவிழாவில் பறை முழங்கும்போது கால் தானாகவே தாளம் போடுகிறதே, அதை வாரத்தில் ஐந்து நாள் வீட்டுக் கூடத்தில் முறையாகச் செய்தால் அது உடற்பயிற்சிக் கணக்கில் சேருமா, சேருமென்றால் அதனால் எடை எவ்வளவு குறையும், எப்படித் தொடங்குவது என்பனவற்றையே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். நடனம் ஐயமின்றி உடற்பயிற்சிதான். எடைக் குறைப்பில் அதற்குப் பங்கும் உண்டு. ஆனால் விளம்பரப் பலகைகளில் காணப்படும் வேகத்தில் எடை இறங்காது. நடனத்தின் உண்மையான வலிமை, ஒரு நிமிடத்தில் அது எத்தனை கலோரியை எரிக்கிறது என்பதில் இல்லை. ஆறு மாதம் கழித்தும் நாம் அதைக் கைவிடாமல் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதில்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளச் சிறிது கணக்குப் பார்க்க வேண்டும்.

உடல் உழைப்பின் கடுமையை அளக்க உடலியங்கியல் வல்லுநர்கள் 'மெட்' என்னும் அலகைப் பயன்படுத்துகிறார்கள். அசையாமல் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலே 1 மெட். அது ஒருவரது எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1 கலோரி. ஒரு செயலின் மதிப்பு 5 மெட் என்றால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிட ஐந்து மடங்கு ஆற்றல் அதற்குச் செலவாகிறது என்று பொருள். 3 முதல் 6 மெட் வரை மிதமான உழைப்பு. 6 மெட்டும் அதற்கு மேலும் கடுமையான உழைப்பு. நூற்றுக்கணக்கான செயல்களுக்கு இந்த மதிப்பைத் தொகுத்துத் தரும் அட்டவணை ஒன்று 1993ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்களால் முதன்முதலில் வெளியிடப்பட்டது. அதன்பின் பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது.

அந்த அட்டவணையின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் நடப்பது 3.5 மெட். இணையாகக் கைகோத்து மெதுவாக ஆடும் மேலைநாட்டு வால்ட்ஸ் போன்ற நடனங்கள் 3 மெட் மட்டுமே, அதாவது அந்த நடையைவிடவும் குறைவு. இதயத் துடிப்பு ஏறும்படி இசைக்கேற்பத் தொடர்ந்து ஆடும் ஏரோபிக் நடனத்தைக் குதிக்காமல் ஆடினால் 5 மெட். குதித்து ஆடுவது 7.3 மெட்; டிஸ்கோ, நாட்டுப்புற நடனம் முதலியவற்றைச் சேர்த்த பொதுப்பிரிவு 7.8 மெட். ஆகவே 'நடனம் நல்ல உடற்பயிற்சியா' என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. எந்த நடனம், எந்த வேகம், எவ்வளவு நேரம் நிற்காமல் ஆடுகிறோம் என்பதைப் பொறுத்து அது சோம்பலான உலாவாகவும் இருக்கலாம், மூச்சிரைக்கும் ஓட்டமாகவும் இருக்கலாம்.

ஒரே சீராக நடப்பதைவிட ஆடுவது ஏன் கூடுதல் ஆற்றலைக் கேட்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. நடை என்பது உடலுக்கு மிகப் பழகிப்போன, சிக்கனமான இயக்கம். ஓர் அடியில் கிடைத்த உந்துதலின் ஒரு பகுதி அடுத்த அடிக்கு உதவுகிறது. ஆட்டத்தில் அந்தச் சிக்கனம் கெடுகிறது. வலப்புறம் பாய்ந்த உடலைத் தாளம் விழுந்த இடத்தில் நிறுத்தி, அடுத்த நொடியே இடப்புறம் தள்ள வேண்டியிருக்கிறது. முழங்கால் மடங்கித் தாழ்கிற ஒவ்வொரு முறையும் முழு எடையையும் தொடைத்தசைகள் மீண்டும் மேலே தூக்க வேண்டியிருக்கிறது. கைகளைத் தோளுக்கு மேலே உயர்த்தி ஆடும்போது இதயத் துடிப்பு இன்னும் ஏறுகிறது. போதாததற்கு, புதிதாகக் கற்பவர் தேவையற்ற அசைவுகள் பலவற்றைச் செய்கிறார். எடை குறைக்க வந்தவருக்கு இந்தத் தடுமாற்றமும் ஒருவகையில் லாபம்தான்.

இனி கணக்குக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் 5 மெட் அளவில் ஆடுகிறார் என்று கொள்வோம். 70ஐ 5ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 175 கலோரி வருகிறது. ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் 35 கலோரி செலவாகியிருக்கும்; அதைக் கழித்தால் ஆட்டத்தால் மட்டும் கூடுதலாகச் செலவானது 140 கலோரி. நடைக்கு இதே கணக்கைப் போட்டால் ஏறத்தாழ 88, வேகமான நாட்டுப்புற ஆட்டத்துக்கு 238. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் மதிப்பு. அப்படியானால் நாள்தோறும் 140 கலோரி வீதம் ஒரு கிலோவைக் கரைக்க 55 நாள் ஆட வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் ஆடுபவருக்கு அது 11 வாரம். வேகமாக ஆடுபவருக்கு ஏறத்தாழ 32 நாள் போதும், ஆனால் அந்த 7.8 மெட் வேகத்தை அரை மணி நேரம் இடைவிடாமல் தாக்குப்பிடிக்கப் புதியவர் பலரால் முடியாது. ஒரு மணி நேர வகுப்பில் 1,000 கலோரி கரையும் என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லலாம்.

இதிலும் ஒரு நிபந்தனை இருக்கிறது: சாப்பாடு கூடாமல் இருக்க வேண்டும். ஆடி முடித்த களைப்பில் 'இன்றைக்குத்தான் ஆடிவிட்டோமே' என்று இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட காப்பியும் சாப்பிட்டால், அந்த 140 கலோரி அங்கேயே ஈடாகிவிடுகிறது. பல வேளைகளில் மிஞ்சியும் போகிறது. பயிற்சி செய்த நாளில் மற்ற நேரம் முழுதும் சோபாவை விட்டு எழாமல் இருப்பதும் இதே போன்ற ஈடுகட்டல்தான். மாடிப்படிக்குப் பதிலாக மின்தூக்கி, கடைக்கு நடப்பதற்குப் பதிலாக ஸ்கூட்டர் என்று நம்மை அறியாமலே அசைவைக் குறைத்துக்கொள்கிறோம். உணவில் எந்த மாற்றமும் செய்யாமல் உடற்பயிற்சியை மட்டும் நம்பியவர்களுக்கு எடை மிகக் குறைவாகவே இறங்குகிறது என்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டுவது, இனிப்புப் பானங்களை நிறுத்துவது என்னும் எளிய மாற்றங்களோடு ஆட்டமும் சேரும்போதுதான் எடை பார்க்கும் எந்திரத்தில் வேறுபாடு தெரியும்.

அப்படியானால் சாப்பாட்டைக் குறைத்தாலே போதாதா, ஆடுவானேன் என்று கேட்கலாம். குறைத்த எடையை மீண்டும் ஏறவிடாமல் வைத்திருப்பதில்தான் உடற்பயிற்சியின் பங்கு பெரிது. மேலும், உணவை மட்டும் குறைத்து மெலிபவர்கள் கொழுப்போடு தசையையும் கணிசமாக இழக்கிறார்கள். உடலை இயக்கிக்கொண்டே மெலிபவர்களுக்கு அந்த இழப்பு குறைவு. இவற்றையெல்லாம்விட, எடை ஒரு கிலோகூட இறங்காத நிலையிலும் வயிற்றின் உள்ளுறுப்புகளைச் சுற்றிப் படிந்துள்ள கொழுப்பு தொடர்ந்த உடற்பயிற்சியால் குறைகிறது. நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் வழிவகுப்பதில் இந்தக் கொழுப்புக்கே பெரும்பங்கு உண்டு.

ஆனால் பலன் தொடர்ந்து செய்பவர்களுக்கே. நாமோ தொடர்ந்து செய்வதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்றும், ஓய்வு நேரத்தில் விருப்பத்துக்காக உடலை இயக்குபவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்றும் தெரியவந்தது. சோம்பல் என்று இதை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நடக்க நடைபாதை இல்லாத ஊர்களும், விடியற்காலையில் தனியே வெளியே போகத் தயங்கும் பெண்களும், சமையலை முடித்துவிட்டு எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடுபவர்களும் நிறைந்த நாட்டில் அந்தச் சொல் நியாயமானதென்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கைப்பேசியில் நான்கு பாட்டை ஓடவிட்டு, பாய் விரிக்கும் அளவு இடத்தில் செய்யக்கூடிய ஒரு பயிற்சி இத்தகையோருக்குப் பெரிதும் பொருந்துகிறது.

தொடர்வதற்கு இன்பம் வேண்டும். அதை இசை தருகிறது. தாளத்தோடு ஒத்து உடற்பயிற்சி செய்பவர்கள், அதே உழைப்பை இசையின்றிச் செய்பவர்களைவிடக் களைப்பைக் குறைவாக உணர்கிறார்கள் என்பது விளையாட்டு உளவியலில் நன்கு நிறுவப்பட்ட செய்தி. மற்றவர்களோடு சேர்ந்து ஒரே தாளத்தில் ஆடுவதற்குத் தனியாகவே ஒரு விளைவு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரேசில் நாட்டுப் பள்ளி மாணவர்களை ஆடச் செய்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையாக ஆடியபோதும், ஒருவரோடொருவர் ஒத்திசைந்து ஆடியபோதும் மாணவர்களின் வலி தாங்கும் திறன் கூடியிருந்தது. உடன் ஆடியவர்களிடம் நெருக்கமும் மிகுந்திருந்தது. வலியைத் தணிக்க உடலே சுரக்கும் எண்டார்பின் என்னும் பொருளோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள்.

நடனத்தை உடற்பயிற்சியாக்கும் எண்ணம் உலகெங்கும் பரவிய வரலாறும் சுவையானதே. அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் ஏரோபிக் பயிற்சி பற்றிய தம் நூலின்வழி இதயத்துக்கும் நுரையீரலுக்குமான பயிற்சி என்ற கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தார். மறு ஆண்டே, இல்லினாய் மாநிலத்தில் ஜாஸ் நடனம் கற்பித்துவந்த ஜூடி ஷெப்பர்ட் மிசெட், தம் வகுப்புக்கு வரும் பெண்கள் மேடைக்கலைஞர்களாக விரும்பவில்லை, உடல் கட்டாக இருப்பதையே விரும்புகிறார்கள் என்பதைக் கண்டுகொண்டு, அடிகளை எளிமையாக்கி, அவர்களைக் கண்ணாடிக்கு முதுகு காட்டி ஆடச் செய்தார். ஜாசர்சைஸ் என்னும் நடன உடற்பயிற்சி அப்படித்தான் பிறந்தது. கொலம்பியாவின் காலி நகரில் ஏரோபிக் வகுப்பெடுத்த பெட்டோ பெரேஸ், ஒருநாள் வழக்கமான இசைநாடாவை மறந்துவிட்டு வந்து, தம்மிடமிருந்த சல்சா, மெரெங்கே என்னும் லத்தீன் அமெரிக்க நடனப் பாடல்களை வைத்துச் சமாளித்ததில் ஜூம்பா என்னும் நடன உடற்பயிற்சி உருவாயிற்று. 2001இல் அது அமெரிக்காவில் ஒரு நிறுவனமாகப் பதிவாகி, இன்று நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மொட்டைமாடி வரை வந்திருக்கிறது.

இந்த மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கண்ணாடிச் செய்தி. 'எனக்கு ஆடத் தெரியாது' என்பதே நம்மில் பலர் சொல்லும் முதல் தடை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி மேடையில் ஆடுபவரைக் கேலி செய்யப் பிறந்தது. உடற்பயிற்சிக்காக ஆடுபவரை அது கட்டுப்படுத்தாது. அடவு பிசகினாலும் முத்திரை தவறினாலும் இதயம் துடிக்கும் வேகத்தில் குறை எதுவும் வந்துவிடாது. எடை குறைப்பதற்காக மட்டும் ஆடுபவர் நேர்த்தியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது ஓர் இடத்தில்தான்: மூட்டுகளைக் காப்பாற்றும் நிலை. அதைப் பின்னர் பார்ப்போம்.

எந்த நடனத்தில் தொடங்குவது என்று கேட்டால், ஜூம்பாவுக்குப் பணம் கட்டும் முன் கும்மியை ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்வேன். கும்மியின் அடிப்படை அசைவு மிக எளிது. வலக்காலை ஓரடி முன்வைத்து, இடுப்பிலிருந்து குனிந்து, முழங்கால் உயரத்தில் ஒருமுறை கைதட்ட வேண்டும். இடக்காலைச் சேர்த்துக்கொண்டே நிமிர்ந்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, தோளுயரத்தில் மறுமுறை தட்ட வேண்டும். நான்கு பேர் இருந்தால் வட்டமாகச் சுற்றலாம். தனியே ஆடுபவர் நான்கடி முன்னும் நான்கடி பின்னுமாக நகரலாம். குனிந்து நிமிர்வதால் முதுகும் பின்தொடையும் வேலை செய்கின்றன. கை தட்டுவதால் தாளம் தானே நிலைக்கிறது. குதிப்பு இல்லாததால் முழங்காலில் அதிர்ச்சி இல்லை. குனியும்போது முதுகைக் கூன் போடாமல் இடுப்பை மடக்கிக் குனிவதும், முழங்காலைச் சற்றுத் தளர்த்தி வைத்திருப்பதும் மட்டுமே நினைவில் இருக்க வேண்டியவை. வேகம் கூட்டிய கும்மி இரண்டு பாட்டுக்குள் வியர்க்க வைத்துவிடும்.

குத்துப்பாட்டுக்கு ஆடுவது அடுத்த படி. மும்மூன்றாக விழும் அந்தத் தாளம் உடலை உந்தும் வேகம் அலாதியானது. அதில் முழங்கால்கள் எப்போதும் சற்று மடிந்தே இருக்கின்றன, இடுப்பு தாழ்ந்திருக்கிறது, தோள்களும் கைகளும் ஓய்வதில்லை. நான்கைந்து நிமிடப் பாட்டு முழுதும் அந்தத் தாழ்ந்த நிலையில் ஆடுவது தொடைக்கு எவ்வளவு கடினம் என்பதை இரண்டாவது சரணத்தில் எவரும் உணர்வர். பல்லவியில் முழு வேகத்தில் ஆடி, சரணத்தில் நின்ற இடத்திலேயே அடி மாற்றி மூச்சு வாங்கி, மீண்டும் பல்லவியில் வேகமெடுத்தால், கடுமையும் தளர்வும் மாறிமாறி வரும் இடைவேளைப் பயிற்சியாகவே அது அமைந்துவிடுகிறது. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் வளரிளம் பெண்களுக்காக 'தாண்டவ்' என்ற பெயரில் வடிவமைத்த குறுகிய நேர நடனப் பயிற்சியும் இந்த இடைவேளைக் கொள்கையில் அமைந்ததே.

மற்ற ஆட்டங்களுக்கும் தனித்தன்மைகள் உண்டு. கையில் துணியோடு வரிசையாக நின்று ஆடும் ஒயிலாட்டம் மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகமெடுப்பதால், உடலைச் சூடேற்றும் பகுதி அதற்குள்ளேயே இருக்கிறது. பறையாட்டத்தில் பறையைச் சுமந்து அடித்துக்கொண்டே அடி வைக்க வேண்டும். அது தொடங்குபவருக்குரியதன்று, ஆனால் பயிற்சிப் பட்டறைகள் பல ஊர்களில் நடக்கின்றன. முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதியளவு தாழ்ந்து நிற்கும் பரதநாட்டியத்தின் அரைமண்டி, தொடைத்தசைக்கு மிகச் சிறந்த பயிற்சி; ஆயினும் நாற்பது வயதில், 80 கிலோ எடையோடு, இடுப்பைத் திறக்காமல் பாதங்களை மட்டும் வெளிப்பக்கம் திருப்பி அரைமண்டியில் அமர்ந்து, பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவு செய்பவரின் முழங்கால் வெகு விரைவில் முறையிடத் தொடங்கும். முழங்கால் எந்தத் திசையை நோக்கியிருக்கிறதோ அதே திசையைப் பாதத்தின் விரல்களும் நோக்க வேண்டும். எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும் விதி இது. மேலே குறிப்பிட்ட நேர்த்தி இதுவே.

போதிய கடுமையோடு ஆடுகிறோமா என்பதை அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆடிக்கொண்டே பக்கத்திலிருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறது, ஆனால் உடன் சேர்ந்து பாட முடியவில்லை என்றால் அது மிதமான உழைப்பு. நான்கு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தால் அது கடுமையான உழைப்பு. பாட்டை முழுக்கப் பாடிக்கொண்டே ஆட முடிகிறதென்றால் இன்னும் சற்று வேகம் கூட்ட வேண்டும். எண்ணில் பார்க்க விரும்புபவர்கள் 220இலிருந்து தம் வயதைக் கழித்து வரும் எண்ணைத் தோராயமான உச்சத் துடிப்பாகக் கொண்டு, அதில் 64 முதல் 76 விழுக்காடு வரை மிதமான எல்லை என்று கொள்ளலாம். 45 வயதானவருக்கு அது நிமிடத்துக்கு 112 முதல் 133 துடிப்பு. இரத்த அழுத்தத்துக்கென்று சிலருக்குத் தரப்படும் பீட்டா தடுப்பு மருந்துகள் துடிப்பைத் தாழ்த்தி வைப்பதால், அவர்களுக்கு இந்த எண் கணக்கு பொருந்தாது. பேச்சைக் கொண்டு அறியும் முறையே நல்லது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்போ மேற்கொள்ள வேண்டும். இரண்டையும் கலந்தும் செய்யலாம். எடை குறைய வேண்டுமென்றால் இந்த எல்லையின் மேற்பகுதியை நோக்கிச் செல்வதே நல்லது. முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஆடிவிட்டு மறுநாள் படியிறங்க முடியாமல் அவதிப்படுபவர்கள் திரும்ப வருவதில்லை. முதலிரண்டு வாரம் நாளுக்கு மூன்று பாட்டு போதும்: மெதுவான பாட்டு ஒன்றில் கணுக்கால், இடுப்பு, தோள்களைச் சுழற்றி உடலைச் சூடேற்றுவது, நடுத்தர வேகப் பாட்டு ஒன்றுக்கு ஆடுவது, மறுபடியும் மெதுவான பாட்டில் தளர்ந்து கெண்டைக்காலையும் தொடையையும் நீட்டி முடிப்பது. நடுவிலுள்ள பாட்டுகளின் எண்ணிக்கையை வாரத்துக்கொன்றாகக் கூட்டிவந்தால், இரண்டு மாதத்தில் அரை மணி நேரத்தைத் தாண்டிவிடலாம். ஒரே மூச்சில் நேரம் கிடைக்காதவர்கள் காலையில் பத்து நிமிடமும் மாலையில் இருபது நிமிடமும் ஆடினாலும் கணக்கில் குறைவு எதுவும் இல்லை.

அதே வழிகாட்டுதல், வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலிமைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. கால்களைப் பொறுத்தவரை ஆட்டமே ஓரளவு அதை ஈடுசெய்கிறது. மார்பு, முதுகு, கைகளுக்கு அது போதாது. சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்குவது போன்றவற்றை ஆட்டத்தின் முடிவில் சேர்த்துக்கொள்ளலாம்.

சில மாதங்களில் ஒரு தேக்கம் வரும். அதே பாட்டு, அதே அசைவு, ஆனால் முன்போல் வியர்க்கவில்லை என்பார்கள். உடல் அந்த அசைவுகளைச் சிக்கனமாகச் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது என்பதே இதற்குக் காரணம்; எடை சற்றுக் குறைந்திருந்தால் சுமக்க வேண்டிய பாரமும் குறைந்திருக்கும். அப்போது பாட்டை மாற்றுவதோ, வேகமான தாளத்துக்குப் போவதோ, கைகளை உயர்த்தி ஆடுவதோ, ஒரு பாட்டைக் கூட்டுவதோ வழி. புதிய அடிகளை வரிசையாக நினைவில் வைத்து ஆடுவதால் மூளைக்கும் வேலை கிடைக்கிறது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியான ஆய்வில், அங்கு கணக்கிலெடுக்கப்பட்ட உடல்சார்ந்த பொழுதுபோக்குகளுள் நடனம் ஒன்று மட்டுமே மறதிநோயின் அபாயக் குறைவோடு தொடர்புற்றிருந்தது. நடனம்தான் காப்பாற்றியது என்று அதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. நினைவாற்றல் நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து நடனமாடினார்கள் என்றும் இருக்கலாம்.

பலனை அளக்க எடை எந்திரத்தை மட்டும் நம்ப வேண்டாம். உப்பு, தண்ணீர், மாதவிடாய், மலச்சிக்கல் எல்லாமே எடையை ஒரே நாளில் ஒரு கிலோ வரை ஏற்றியிறக்கும். வாரத்துக்கு ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். அதைவிடப் பயனுள்ளது தையற்காரர் வைத்திருக்கும் அளவுநாடா. விலா எலும்பின் அடிவிளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், நாடா தோலை அழுத்தாமல் சுற்றி அளக்க வேண்டும். தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80 சென்டிமீட்டரும் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. நீரிழிவு உள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை அளவையும் பார்த்துவரலாம். இயங்கும் தசை இன்சுலினின் துணையின்றியும் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால், எடை குறையும் முன்பே அங்கே மாற்றம் தெரியக்கூடும்.

இனி எச்சரிக்கைகள். நம் வீடுகளின் தரை பெரும்பாலும் சிமென்ட்டின்மேல் பதித்த ஓடுகள், கொஞ்சமும் நெகிழாது. அதன்மேல் வெறுங்காலோடு குதித்தால் குதிகாலும் கெண்டைக்காலும் வலிக்கத் தொடங்கும். வியர்வை சொட்டினால் வழுக்கும். குதிக்கும் ஆட்டத்துக்கு மெத்தென்ற அடிப்பகுதி கொண்ட காலணி நல்லது. நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு ஆடவே கூடாது. சிறு கல் குத்தினாலும் அவர்களுக்குத் தெரியாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஆடும்போதும் ஆடியபின்னும் சர்க்கரை திடீரென்று இறங்கக்கூடும் என்பதால், இனிப்பு ஏதேனும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் இவற்றில் எது தோன்றினாலும் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே நிறுத்த வேண்டும். நெஞ்சழுத்தம் தணியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கோடையில் நண்பகலில் மின்விசிறி இல்லாத அறையில் ஆடுவதைத் தவிர்க்க வேண்டும்.

நின்று ஆட முடியாத முதியவர்களும் பெரிய உடல்வாகுள்ளவர்களும் இதிலிருந்து விலகியிருக்கத் தேவையில்லை. கைப்பிடியில்லாத, வழுக்காத நாற்காலியின் முன்பாதியில் நிமிர்ந்து அமர்ந்து, தாளத்துக்குக் குதிகாலையும் முன்பாதத்தையும் மாறிமாறித் தட்டி, கும்மியின் கைதட்டலை முழங்காலுக்கருகிலும் தோளுயரத்திலும் செய்தால், இரண்டு பாட்டில் துடிப்பு ஏறுவதை உணரலாம். சில வாரங்களில் கால் வலுப்பட்டதும், அதே நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டுக்கு நின்று ஆடிப் பார்க்கலாம்.